மூணாறு தலைப்பு

எழுபத்து நாலு உள்ள அட்டையைக் காட்டினேன்.
இருபத்தொண்ணு என்றார், தயங்காமல்.
அடுத்த பக்கத்தில் எண்ணே இல்லையாம்.
'மத்தாப்பு சிதறினாப்ல இருக்கு மேடம்.'

கோதண்டபாணி. ஐம்பத்திரண்டு. லஸ்கர்.
நீடாமங்கலத்துக்கு மேற்கே
வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடத்தில்
பத்தொன்பது வருடமாக
ஷட்டர் ஏற்றுகிறார், இறக்குகிறார்.
மன்னார்குடி ஆஸ்பத்திரியின் இருட்டறையில்
மடியில் மடித்த துண்டோடு உட்கார்ந்து
'கண்ல பூ விழுந்துருச்சா?' என்றார்.

பூ இல்லை, புரை இல்லை.
விழித்திரை, கழுவிவிட்ட களம்போல் சுத்தம்.
ரத்தக்குழாய்கள் கிளை பிரிந்து கிளை பிரிந்து
எனக்கு எப்போதும்
வரைபடத்தில் பார்த்த நம் மாவட்டம் ஞாபகம் வரும்.

என்னதான் கோளாறு என்று கேட்டார்.
எங்கே தொடங்குவது?
இருட்டில்தான் கண்ணின் மதகுகள் திறந்திருக்கும்,
ராத்திரி முழுக்க உப்புநீர் உள்ளே ஓடும்,
வெளிச்சம் ஒரு துளி பட்டால் கதவு இறங்கும் என்றேன்.
ஓட்டம் நிற்பதைத்தான்
விடிந்துவிட்டது என்கிறோம்.

கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு,
'சரிதான்.
திறந்து விட்டா ஒருத்தனும் கூப்பிட மாட்டான்.
நிறுத்துனா மறுநாளே
முத்துப்பேட்டைப் பக்கத்திலேருந்து போன்.'

அவ்வளவு தெரிந்தவருக்கு
மிச்சத்தைச் சொல்வது சுலபமாக இருந்தது.
மூன்று வகைக் கூம்புகள்.
தனியாக எதற்குமே நிறம் தெரியாது.
எவ்வளவு வந்தது என்று மட்டும் சொல்லும்.
அடுத்த வரிசையில் கணக்கப்பிள்ளைகள்
இதிலிருந்து அதைக் கழிக்கிறார்கள்.
கழித்து வரும் மிச்சத்துக்குச் சிவப்பு என்று பெயர்,
மிச்சம் மறுபக்கம் சாய்ந்தால் பச்சை.

'மேல்மட்டம், கீழ்மட்டம். கேஜ் பாக்குறது.'

ஆமாம்.
உங்களுக்கு இரண்டு கேஜிலும் ஒரே மட்டம்.
தண்ணீர் இருக்கிறது,
கழித்தால் பூஜ்யம்.

இத்தனை வருடம் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டேன்.
பழைய பெட்டியில் இரண்டு பல்பாம்.
மேலே எரிந்தால் ஓடுகிறது, கீழே எரிந்தால் நின்றிருக்கிறது.
'நெறத்தை யாரு பார்த்தா?'
போன மாசம் மாட்டிய புதுப் பெட்டியில் ஒரே பல்பு.
அதுவே சிவக்கும், அதுவே பச்சையாகும்.
'எனக்கு அது எந்நேரமும் பழுத்த எலுமிச்சங்காய்.'

இன்னொன்றும் சொல்ல ஆசைப்பட்டேன்.
கண் ஒரு தலைகீழ் டெல்டா.
பன்னிரண்டு கோடி வாய்மடையில் விழுந்த வெளிச்சம்
பத்து லட்சம் இழையாகச் சுருங்கி
ஒற்றைக் கழுத்தில் வெளியேறுகிறது,
எல்லாம் கடந்துபோகும் அந்த வாயிலில் மட்டும்
பார்வை கிடையாது என்று.
சொல்லவில்லை. வெளியே பதினாறு பேர்,
ஒரு குழந்தை அழுகிறது.

படிவத்தில் இரண்டே கட்டம்: தகுதி, தகுதியின்மை.
அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சிவப்பு பச்சை பேதம் அறியார் என்று எழுதினேன்.
பொய் எழுத வராது எனக்கு.
கீழே, எந்தக் கட்டத்துக்கும் சேராத இடத்தில்,
'பல்பு இரண்டாக வைத்தால் போதும்'
என்று எழுதி அதன்மேலேயே சீல் குத்தினேன்.
மை கொஞ்சம் பரவிவிட்டது.
ஆபீசில் அந்த வரியை யார் படிப்பார்களோ.

சாயங்காலம் தஞ்சாவூர் பஸ்.
பாலத்தில் ஏறும்போது இருட்டத் தொடங்கியிருந்தது.
கரையில் அரளிதான் முதலில் கறுத்தது.
வேலியில் சங்குப்பூ
இன்னும் சிறிதுநேரம் தாக்குப்பிடித்தது.
பிறகு அதுவும் சாம்பல்.
குச்சி செல்களின் நேரம், அவற்றுக்கு நிறம் இல்லை.
கண்டக்டர், டிரைவர், பூக்கூடைக்காரி, நான்,
பஸ் முழுக்க ஒரே அட்டையில்
எண் தெரியாத ஆட்கள்.

ஊரெல்லாம் கரண்ட் இல்லை.
தூரத்து ரெகுலேட்டர்மேல் ஒரு உருவம்
குனிந்து சக்கரம் சுற்றுகிறது.
அவராகவும் இருக்கலாம்.
உதடு அசைவது தெரியாத தூரம்,
ஆனாலும் நான் கூடவே எண்ணினேன்,
பதினொன்று, பன்னிரண்டு,
பஸ் திரும்பும்வரை.